நீச்சல் தெரிந்த பிள்ளை மூழ்குவது ஏன்? பரம்பரையாக வரும் இதயத் துடிப்புக் கோளாறு: குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"நல்லா நீச்சல் தெரிஞ்ச பையன்தான். கிணத்துல எப்படி மூழ்கினான்னே தெரியல." கிணறும் ஏரியும் இருக்கும் எந்த ஊரிலும் இப்படி ஒரு பேச்சைக் கேட்க முடியும். காஞ்சிபுரம் மாவட்டம் பழையசீவரம் போன்ற பாலாற்றங்கரை ஊர்களில் பிள்ளைகள் வளர்வதே தண்ணீரோடுதான்.

இப்படி நடக்கும்போது சுழல், சேறு, தசைப்பிடிப்பு என்று பல காரணங்கள் இருக்கலாம். பெரும்பாலும் அவையேதான் காரணம். ஆனால் சில பேர் விஷயத்தில் கோளாறு தண்ணீரில் இல்லை, இதயத்தில் இருக்கிறது. அதுவும் அப்பா, அம்மாவிடமிருந்து பிறப்பிலேயே வந்த கோளாறு.

"லாங் க்யூடி" என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தப் பிரச்னை சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது மருத்துவ உலகின் மதிப்பீடு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. பல பேருக்குச் சாதாரண இசிஜி தாளிலேயே தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் பல வீடுகளில் இது "வலிப்பு", "காத்து கருப்பு", "ரத்தம் கம்மி" என்ற பெயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

இந்தக் கோளாறு என்ன, யாருக்கு வரும், சிகிச்சை எந்த அளவுக்குக் காப்பாற்றும்? விரிவாகப் பார்க்கலாம்.

இதயத்துக்குள் என்ன நடக்கிறது?

இதயம் துடிப்பது மின்சாரத்தால். வீட்டு கரண்ட் போல அல்ல, மிக மிகச் சிறிய அளவு மின்சாரம். இதயச் செல்களின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாசல்கள் இருக்கின்றன. சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற உப்புகளின் துகள்கள் அந்த வாசல்கள் வழியாக உள்ளே வருவதாலும் வெளியே போவதாலும்தான் மின்சாரம் பிறக்கிறது.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்காகத் தன்னை "ரீசார்ஜ்" செய்துகொள்ள வேண்டும். துடிப்பு தொடங்கி, ரீசார்ஜ் முடியும்வரை ஆகும் நேரத்தைத்தான் இசிஜி தாளில் "க்யூடி" என்று அளக்கிறார்கள். இது ஒரு விநாடியில் பாதிக்கும் குறைவு.

மரபணுவில் பிழை இருந்தால் அந்த வாசல்கள் சரியாகத் திறந்து மூடாது. ரீசார்ஜ் ஆக வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும். அதனால்தான் "லாங் க்யூடி" என்று பெயர். அந்த நேரத்துக்குள் அடுத்த துடிப்பு குறுக்கே வந்து விழுந்தால், இதயம் தாளம் தப்பி, நிமிடத்துக்கு 200-ஐத் தாண்டித் துடிதுடிக்கும். அப்போது அது ரத்தத்தை வெளியே தள்ளாது. மூளைக்கு ரத்தம் போகாது. சில விநாடிகளில் ஆள் விழுந்துவிடுவார்.

பல சமயம் தாளம் தானாகவே சரியாகி, அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். சரியாகாவிட்டால் அது திடீர் மரணம்.

இது மாரடைப்பு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். மாரடைப்பு என்பது ரத்தக்குழாய் அடைப்பு. இது மின்சாரக் கோளாறு. ரத்தக்குழாயில் அடைப்பே இல்லாத, ஓடியாடித் திரியும் 10 வயதுப் பிள்ளைக்கும் வரும்.

வலிப்பு என்று ஏன் தவறாக நினைக்கிறார்கள்?

மூளைக்கு ரத்தம் நின்றால் கை, கால் வெட்டி இழுக்கும். பார்ப்பவர்களுக்கு அது அப்படியே வலிப்பு மாதிரிதான் இருக்கும். உடனே கையில் சாவியையோ இரும்பையோ கொடுப்பார்கள். பிறகு வலிப்பு மாத்திரை தொடங்கும். சில பிள்ளைகள் வருடக்கணக்கில் வலிப்பு மருந்து சாப்பிட்டும் "மருந்து கேக்கல" என்று அலைவதும் உண்டு.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள மருத்துவர்கள் கேட்கும் கேள்விகள் இவை:

- விழுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்? ஓட்டம், நீச்சல், பயம், திடீர் சத்தம் என்றால் இதயத்தின் மீது சந்தேகம் வரும்.
- முகம் எப்படி இருந்தது? ரத்தம் வற்றியதுபோல் வெளுத்துப்போனால் இதயமாக இருக்க வாய்ப்பு அதிகம்.
- தெளிவதற்கு எவ்வளவு நேரம் ஆனது? இதயத்தால் வந்த மயக்கம் என்றால் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளிவாகப் பேசிவிடுவார்கள். வலிப்பு என்றால் அதன் பிறகு நீண்ட நேரம் குழப்பமும் தூக்கமுமாக இருக்கும்.
- வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?

இந்த அடையாளங்கள் மட்டுமே முடிவைச் சொல்லிவிடாது. ஆனால் முதல்முறை "வலிப்பு" வந்த யாருக்கும் ஒரு இசிஜி எடுத்துப் பார்ப்பது நல்லது. அடுத்த முறை நடந்தால் பக்கத்தில் இருப்பவர்களில் ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்து வைத்தால், அது மருத்துவருக்குப் பெரிய உதவி.

மரபணு எது என்பதைப் பொறுத்து ஆபத்து மாறுமா?

மாறும். இந்த நோயின் மிக முக்கியமான விஷயமே அதுதான். லாங் க்யூடியில் மூன்று வகைகள்தான் அதிகம். 1995, 1996-ஆம் ஆண்டுகளில் இவற்றுக்கான மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன.

முதல் வகை: கேசிஎன்க்யூ1 என்ற மரபணுவில் பிழை. உடற்பயிற்சியின்போது, குறிப்பாக நீச்சலின்போது ஆபத்து.

இரண்டாம் வகை: கேசிஎன்எச்2 என்ற மரபணுவில் பிழை. திடீர் அதிர்ச்சி, அலாரம், போன் மணி, பட்டாசு போன்ற சத்தம் இதைத் தூண்டும். பெண்களுக்குக் குழந்தை பிறந்த பிறகான மாதங்களில் இந்த வகையின் ஆபத்து கூடும்.

மூன்றாம் வகை: எஸ்சிஎன்5ஏ என்ற மரபணுவில் பிழை. சும்மா இருக்கும்போதும், தூக்கத்திலும் ஆபத்து.

2001-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு இதை எண்களில் காட்டியது. முதல் வகையினருக்கு வந்த மயக்கம், இதய நிறுத்தம் போன்ற சம்பவங்களில் 62 சதவீதம் உடற்பயிற்சியின்போது நடந்தவை. இரண்டாம் வகையில் 43 சதவீதம் மன அதிர்ச்சியின்போது நடந்தவை. மூன்றாம் வகையில் 39 சதவீதம் ஓய்வில் அல்லது தூக்கத்தில் நடந்தவை.

நீச்சல் தெரிந்த பையன் மூழ்கினால் இதயத்தையும் சந்தேகிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். "தூக்கத்துலயே போயிட்டாரு" என்று சொல்லப்படும் இளவயது மரணங்களுக்கும் இது பொருந்தும்.

காது கேட்காத குழந்தைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

1957-ல் நார்வே நாட்டு மருத்துவர்கள் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் இருவரும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குடும்பத்தில் பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைகளுக்கு அடிக்கடி மயக்கம் வந்தது. அவர்களில் சிலர் திடீரென்று இறந்தும் போனார்கள். இசிஜியில் க்யூடி நீண்டிருந்தது. அந்த மருத்துவர்கள் பெயரிலேயே இந்த நோய் இன்றும் அழைக்கப்படுகிறது.

காரணம் பிறகு தெரியவந்தது. முதல் வகைக்குக் காரணமான கேசிஎன்க்யூ1 மரபணு உருவாக்கும் அதே பொட்டாசியம் வாசல், உள்காதிலும் வேலை செய்கிறது. எல்லோருக்கும் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்று அப்பாவிடமிருந்து, இன்னொன்று அம்மாவிடமிருந்து. ஒரு பிரதியில் மட்டும் பிழை இருந்தால் காது நன்றாகக் கேட்கும், இதயத்தில் மட்டும் பாதிப்பு வரலாம். இரண்டு பிரதியிலும் கடுமையான பிழை இருந்தால் காதும் கேட்காது, இதயத்தின் ஆபத்தும் பல மடங்கு கூடும்.

2006-ல் இந்த நோயுள்ள 186 பேரை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வில், 86 சதவீதம் பேருக்கு மயக்கமோ இதய நிறுத்தமோ ஏற்பட்டிருந்தது. அதிலும் பாதிப் பேருக்கு 3 வயதுக்குள்ளேயே அறிகுறி தொடங்கிவிட்டது.

காது கேட்காத குழந்தைகளில் மிகச் சிலருக்கு மட்டுமே இந்த நோய் இருக்கும். பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் யாருக்கு இருக்கிறது என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாலும் தெரியாது, ஏனென்றால் இந்தக் கோளாறு இதயத்தில் எந்த ஓசையையும் எழுப்பாது. இசிஜிதான் வழி. இந்த நோய் இருப்பவர்களுக்கு க்யூடி பெரும்பாலும் 500 மில்லி விநாடியைத் தாண்டியிருக்கும். அதனால் தாளில் தெளிவாகவே தெரியும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோர், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் "எங்க பிள்ளைக்கு இசிஜி எடுத்தாச்சா? க்யூடி எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. இந்த நோய் இருந்தாலும், தகுந்த முன்னேற்பாட்டோடு அந்த அறுவை சிகிச்சையைச் செய்ய முடியும்.

சொந்தத்தில் திருமணம் செய்தால் ஆபத்தா?

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் தவிர்க்க முடியாத கேள்வி இது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியா முழுவதும் சுமார் 11 சதவீதம் பெண்கள் ரத்த உறவில் திருமணம் செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது 28 சதவீதம். நாட்டிலேயே மிக அதிகமான மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

தாய்மாமனும் அக்கா மகளும் சராசரியாகத் தங்கள் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருப்பார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. ஒரே தாத்தா, பாட்டியிடமிருந்து வந்த ஒரே பிழை கணவன், மனைவி இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு இரண்டு பிழைப் பிரதிகளும் சேர்ந்து வர நான்கில் ஒரு வாய்ப்பு.

"முதல் குழந்தைக்கு வந்துடுச்சு, இனிமே வராது" என்று கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான்.

2016-ல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, இந்தியக் குடும்பங்களில் கேசிஎன்க்யூ1 மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதான நோயாளிகளைப் பதிவு செய்தது. அவர்களில் காது கேட்காதவர்களும் இருந்தார்கள், காது நன்றாகக் கேட்பவர்களும் இருந்தார்கள். அதாவது, "காது நல்லாத்தான் கேக்குது" என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைந்துவிட முடியாது.

சொந்தத்தில் திருமணம் செய்த எல்லோர் வீட்டிலும் இந்த நோய் வருவதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் ஆரோக்கியமாகவே பிறக்கிறார்கள். நடந்த திருமணத்துக்காக யாரையும் குற்றம் சொல்வதில் பயனில்லை. ஆனால் குடும்பத்தில் காது கேளாமை, அடிக்கடி மயக்கம், இளவயது திடீர் மரணம் இருந்தால், அடுத்த சொந்தத் திருமணத்தைப் பேசி முடிப்பதற்கு முன் ஒரு மரபியல் ஆலோசனை பெறுவது புத்திசாலித்தனம்.

மரபணுவில் பிழை இருந்தால் நோய் நிச்சயமா?

இல்லை. இதற்கு நம் பகுதியிலிருந்தே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

2009 ஜனவரியில் "நேச்சர் ஜெனிடிக்ஸ்" இதழில் ஒரு ஆய்வு வெளியானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பி நிறுவனத்தின் தங்கராஜ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் அதை நடத்தினார்கள். இதயத் தசைக்கான எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் ஒரு மாற்றத்தை அவர்கள் ஆராய்ந்தார்கள். தெற்காசியர்களில் 100 பேரில் சுமார் 4 பேருக்கு அது இருந்தது. அது இருப்பவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு சுமார் 7 மடங்கு அதிகம் என்று அந்த ஆய்வு சொன்னது.

இதயத் தசை தடித்தாலோ தளர்ந்தாலோ, அதன் வழியாக ஓடும் மின்சாரமும் தடுமாறும். ஆபத்தான துடிப்புக் கோளாறு வரும். விளையாட்டு வீரர்கள் மைதானத்தில் விழுந்து இறக்கும் செய்திகளுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது தடித்த இதயத் தசைதான்.

ஆனால் 100-ல் 4 பேருக்கும் இதய நோய் வந்துவிடவில்லை. அந்த மாற்றத்தைச் சுமக்கும் பல பேர் முதுமைவரை நன்றாகவே வாழ்கிறார்கள். அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கும் சிறு பகுதியினருக்கே ஆபத்து அதிகமாக இருக்கலாம் என்று 2018-ல் வெளியான இன்னொரு ஆய்வு காட்டியது.

மரபணு மாற்றம் என்பது தீர்ப்பு அல்ல, எச்சரிக்கைப் பலகை. "இந்த வளைவுல மெதுவா போ" என்று சொல்லும் பலகை மாதிரி. படித்துவிட்டு மெதுவாகப் போனால் பெரும்பாலும் பத்திரமாகப் போய்ச் சேரலாம்.

சிகிச்சை எந்த அளவுக்குப் பலன் தரும்?

லாங் க்யூடிக்கு முதல் மருந்து "பீட்டா பிளாக்கர்" வகை மாத்திரைகள். இதயத்தை வேகப்படுத்தும் ஹார்மோனின் பாதிப்பை இவை குறைக்கின்றன. புரோப்ரனலால் போன்ற மாத்திரைகள் புதியவை அல்ல, விலையும் அதிகமில்லை. ஆனால் தினமும், தவறாமல் சாப்பிட வேண்டும்.

இந்த மருந்து எல்லோரையும் ஒரே மாதிரி காப்பாற்றுகிறதா என்றால், இல்லை. 2004-ல் 335 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாத்திரை சாப்பிட்டும் மயக்கமோ இதய நிறுத்தமோ வந்தவர்கள்:

- முதல் வகை: 10 சதவீதம்
- இரண்டாம் வகை: 23 சதவீதம்
- மூன்றாம் வகை: 32 சதவீதம்

ஒரே நோய், ஒரே மருந்து வகை, ஆனால் மருந்து சாப்பிட்டும் சம்பவம் நடக்கும் விகிதம் மரபணுவைப் பொறுத்துச் சுமார் மூன்று மடங்கு மாறுகிறது. காது கேளாமையோடு வரும் வகையில் நிலைமை இன்னும் கடினம். மேலே சொன்ன 2006 ஆய்வில், மருந்து சாப்பிட்டும் 51 சதவீதம் பேருக்குச் சம்பவங்கள் நடந்தன.

மரபணுப் பரிசோதனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். பெயர் தெரிந்துகொள்வதற்காக அல்ல. மாத்திரை போதுமா, இன்னும் கூடுதலாக ஏதாவது வேண்டுமா என்று முடிவெடுப்பதற்காக.

கூடுதல் சிகிச்சைகள் என்னென்ன?

- மூன்றாம் வகையினரில் சிலருக்கு மெக்சிலெட்டின் என்ற மருந்து சேர்க்கப்படும்.
- ஐசிடி: நெஞ்சில் தோலுக்கு அடியில் வைக்கும் கருவி. இதயம் தாளம் தப்பினால் உடனே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும். ஒருமுறை இதயம் நின்று பிழைத்தவர்களுக்கும், மருந்துக்கு அடங்காதவர்களுக்கும் இது பரிந்துரைக்கப்படும்.
- இதயத்துக்குப் போகும் இடப்பக்க நரம்புகளைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சை. மருந்து போதாதவர்களுக்கும், கருவி வைக்க முடியாத சிறு பிள்ளைகளுக்கும் இது உதவும்.

சிகிச்சை தோற்றுப்போவதற்கு ஒரு எளிய காரணமும் உண்டு: மாத்திரையை நிறுத்துவது. "இப்போ நல்லாத்தானே இருக்கான்" என்று நிறுத்திவிடுவார்கள். ஊருக்குப் போகும்போது மறந்துவிடுவார்கள். இந்த நோயில் நன்றாக இருப்பதே மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

ஆஸ்துமா, சர்க்கரை நோய் இருப்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த மாத்திரைகளில் சில, அவர்களுக்குப் பிரச்னை தரலாம்.

எந்த மருந்துகளில் கவனம் தேவை?

வேறு நோய்க்காகச் சாப்பிடும் சில மருந்துகள் க்யூடியை மேலும் நீட்டிவிடும். மற்றவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பான அதே மாத்திரை, லாங் க்யூடி இருப்பவருக்கு ஆபத்தாகலாம். அடிக்கடி பயன்படும் சில:

- அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள்
- பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல்
- வாந்திக்கான ஒன்டான்செட்ரான், டோம்பெரிடோன்
- மனநலச் சிகிச்சையில் பயன்படும் ஹாலோபெரிடால் போன்ற சில மருந்துகள்
- குளோரோகுயின், ஹைட்ராக்சிகுளோரோகுயின்

வாந்தி, பேதி வந்தால் இரட்டை ஆபத்து. உடலில் பொட்டாசியம் குறையும், அதுவே க்யூடியை நீட்டும். அதோடு மெடிக்கல் கடையில் "வாந்திக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று வாங்கிப் போட்டால் நிலைமை மோசமாகலாம். ஓஆர்எஸ் கரைசல் கொடுத்து, மருத்துவமனைக்குப் போவதே சரி.

நோய் இருப்பவர்கள் "லாங் க்யூடி" என்று எழுதிய ஒரு சீட்டைப் பர்சிலும், செல்போன் கவருக்குள்ளும் வைத்திருக்கலாம். எந்த மருத்துவரிடம் போனாலும், எந்த மெடிக்கலில் நின்றாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும்.

பழையசீவரத்தில் இருக்கும் குடும்பம் எங்கே தொடங்குவது?

பழையசீவரத்துக்கு எதிரே, பாலாற்றின் அக்கரையில் இருக்கிறது திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொண்டுவருபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் என்ன சம்பளம் என்பதுவரை அதில் இருக்கிறது. ஆஸ்பத்திரி என்பது இந்த ஆற்றங்கரைக்குப் புதிதல்ல.

இன்றைக்கு இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கான பாதை இப்படி இருக்கும்:

முதல் படி, இசிஜி. 12 லீட் இசிஜி எடுக்கச் சில நிமிடங்கள் போதும். ஊசி இல்லை, வலி இல்லை. பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். எடுத்த தாளைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். செல்போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது படி, இதய மருத்துவர். காஞ்சிபுரம்-செங்கல்பட்டு சாலையில் இருக்கும் பழையசீவரத்துக்கு ஒரு பக்கம் காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனை, இன்னொரு பக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எக்கோ, 24 மணி நேர இசிஜி, டிரெட்மில் போன்ற பரிசோதனைகள் தேவையா என்பதை இதய மருத்துவர் முடிவு செய்வார்.

மூன்றாவது படி, மரபணுப் பரிசோதனை. இது எல்லா அரசு மருத்துவமனையிலும் கிடைக்காது. முதலில் நோய் உறுதியான ஒருவருக்குச் செய்து, எந்த மரபணுவில் எந்த இடத்தில் பிழை என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு வீட்டில் மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறையும்.

நான்காவது படி, மொத்தக் குடும்பம். பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் இசிஜி வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாதவருக்கும்தான். லாங் க்யூடி மரபணு இருப்பவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு இசிஜி சரியாகவே இருக்கும் என்பதால், ஒரு இசிஜி நார்மல் என்றதும் விட்டுவிடக் கூடாது. ஓட்டத்தின்போது மட்டும் தாளம் தப்பும் சிபிவிடி என்ற இன்னொரு பரம்பரைக் கோளாறிலும், ஓய்வில் எடுக்கும் இசிஜி நார்மலாகவே இருக்கும். டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. எந்தச் சிகிச்சை, எந்த மருத்துவமனை என்பதை அந்த மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

ஒருவர் திடீரென்று விழுந்தால் உடனே என்ன செய்வது?

1. தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் இதயம் நின்றிருக்கலாம்.
2. ஒருவர் 108-க்கு போன் செய்ய வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டால் அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே செய்யலாம்.
3. இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வேகமாக, ஆழமாக அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பெரியவர்களுக்குச் சுமார் 5 செ.மீ. ஆழம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.
4. தண்ணீரில் மூழ்கியவரைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் நேரத்தை வீணாக்கும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கவும், நெஞ்சை அழுத்தவும் தொடங்க வேண்டும்.
5. கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

எப்போது உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

- ஓடும்போது, நீந்தும்போது, பயந்தபோது, திடீர் சத்தம் கேட்டபோது மயங்கி விழுந்தால்
- மருந்து சாப்பிட்டும் வலிப்பு அடங்காவிட்டால்
- பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு ஒருமுறைகூட மயக்கம் வந்தால்
- குடும்பத்தில் 40 வயதுக்குள் யாராவது காரணம் தெரியாமல் இறந்திருந்தால், தூக்கத்தில் இறந்திருந்தால், நீச்சல் தெரிந்தும் மூழ்கியிருந்தால்

கடைசியாகச் சொன்னதுதான் பல வீடுகளில் விட்டுப்போகிறது. ஒரு பிள்ளை இறந்த துக்கத்தில், அந்தப் பிள்ளையின் தங்கைக்கும் தம்பிக்கும் இசிஜி எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஒரு பிரதியில் பிழை வந்தாலே நோய் தரும் வகையாக இருந்தால், அவர்கள் ஒவ்வொருவருக்கும் அது இருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. இறந்த பிள்ளைக்கு இனி யாரும் எதுவும் செய்ய முடியாது. வீட்டில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கு, காரியம் முடிந்த கையோடு ஒரு இசிஜி எடுத்துப் பார்க்க முடியும்.